யார் கொடுத்த புல்

மார்ச் 4, செவ்வாய்

ஆர்டிஸ் டட்டில் பண்ணையின் பால் சோதனை முடிவு வந்தது. பிஃபாஸ், அழியவே அழியாத அந்த ரசாயனம், வரம்பைப் போல மூன்று மடங்கு.

அர்த்தமே இல்லை. போன அக்டோபரில் அந்தப் பண்ணை வயல்கள் அத்தனையிலும் மண் எடுத்தவன் நான்தான். சுத்தம். கிணற்றிலும் பிஃபாஸ் இல்லை. ஆர்செனிக் உண்டு; அது மெய்ன் மாநிலத்தில் பாறைக்குள்ளேயே கிடப்பது, யார் வீட்டுக் கிணற்றில் இல்லை, அதற்கு வடிகட்டி போட்டிருக்கிறார்கள். மண்ணில் இல்லை, தண்ணீரில் இல்லை, பாலில் மட்டும் இருக்கிறது என்றால் மாடு எதைத் தின்கிறது? காற்றையா?

மாநில விவசாயத் துறை அலுவலகத்தில் எனக்கு மேலே இருக்கும் நடீனிடம், ஆய்வகம் சொதப்பியிருக்கும் என்றேன். "பாட்டிலைத் தொடறதுக்கு முன்னாடி நீ எங்கயாவது பர்கர் தின்னியா?" என்று கேட்டாள். எண்ணெய் ஊறாமலிருக்க அந்தக் காகிதத்தில் பூசுவதும் இதே சனியன்தான் என்று எனக்கே பாடம் எடுக்கிறாள். தின்னவில்லை. இது இரண்டாவது முறை எடுத்த பால். அதே எண்.

நாளை போய்ச் சொல்ல வேண்டும். நான்தான் போக வேண்டுமாம். "உன் ஊர்தானே."


மார்ச் 5

சொன்னேன். சமையலறையில் நின்றபடியே சொன்னேன். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. உட்கார்ந்தால் காபி வரும், காபி வந்தால் பனி, சேறு, சாலை என்று அரை மணி போகும். அதற்கப்புறம் சொன்னாலும் எண் குறையப் போவதில்லை.

"பால் லாரி நாளையிலேர்ந்து வராது."

ஆர்டிஸ் ஈரமில்லாத கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். "அப்போ கறக்கறதை என்ன பண்றது?"

"கொட்டணும். வயல்ல இல்லை. நாங்க தொட்டி அனுப்புறோம், அதுல."

"இதை மாடுங்களுக்குச் சொல்லிட்டியா? நேரமானா கத்துமே."

அவர் கணவர் வெர்னுக்கு எதற்கும் ஒரு வேடிக்கை வேண்டும். "டேய் ரெமி, ஆர்செனிக் குடிச்சு வளந்த குடும்பம்டா இது. இன்னொரு விஷம் வந்தா, கொஞ்சம் நகந்து உக்காருப்பான்னு இடம் குடுப்போம்." அவரே சிரித்தார். ஆர்டிஸ் சிரிக்கவில்லை.

பால் சங்கத்தின் நிபந்தனை இது: எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டும், அது நின்றது என்று காட்ட வேண்டும், பிறகு அடுத்தடுத்து இரண்டு சோதனை வரம்புக்குக் கீழே வர வேண்டும். அதுவரை ஒரு சொட்டு எடுக்கமாட்டார்கள். "இல்லேன்னா?" என்று வெர்ன் கேட்டார். இந்த மாடுகளை யாரும் வாங்கமாட்டார்கள், கறிக்கும் போகாது, சுட்டுப் புதைக்க வேண்டியதுதான் என்றேன். கேட்டார், சொன்னேன். வேறு எப்படிச் சொல்வது?


மார்ச் 12, புதன்

நான் ஒரு முட்டாள்.

அவர்கள் வாங்கும் மாவுத் தீவனம் சோதனையில் தேறிவிட்டது. கையில் வேறு துப்பு எதுவும் இல்லை. இன்று சும்மா தொழுவத்தைச் சுற்றினேன். தார்ப்பாய்க்குக் கீழே புல்கட்டுகள் அடுக்கியிருந்தன. ஒன்று சதுரம், ஒன்று உருண்டை. ஒன்றில் பச்சைக் கயிறு, ஒன்றில் சணல், ஒன்றில் ஆரஞ்சு. ஒரே பண்ணையின் புல் இப்படி இருக்காது.

"இதெல்லாம் எங்க வாங்கினது?"

"வாங்கலை," என்றார் ஆர்டிஸ்.

"வெளியிலேர்ந்து தீவனம் வந்துதான்னு அன்னைக்கே கேட்டேனே!"

"வாங்கின தீவனம் என்னன்னு கேட்டே. மாவுன்னு சொன்னேன். இது வாங்கினது இல்லை."

அக்டோபர் கடைசியில் அவர்களுடைய புல் கொட்டகை எரிந்தது. நான் மண் எடுத்துப் போன அடுத்த வாரம். மாடுகள் பிழைத்தன, குளிர்காலத்துப் புல் அத்தனையும் போயிற்று. அதற்கப்புறம் என்ன நடந்திருக்கும் என்று இந்த ஊரில் பிறந்த எனக்குச் சொல்லித்தர வேண்டுமா? கொட்டகை எரிந்தால் புல் வரும். யாராவது வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள். கதவைத் தட்டமாட்டார்கள். நன்றி சொல்ல நிற்கமாட்டார்கள். வாங்கிக்கொண்டவரும் வெளியே சொல்லமாட்டார். சொன்னால் கொடுக்காதவன் முகம் வாடும், கொடுத்தவன் கூசுவான். எங்கள் வீட்டுக் கூரை பறந்த வருஷம் பலகை வந்தது. யார் போட்டார்கள் என்று அப்பா இன்றுவரை சொன்னதில்லை.

இதையெல்லாம் தெரிந்த நான், "வாங்கின தீவனம்" என்று அச்சடித்த கேள்வியை அப்படியே வாசித்துவிட்டுப் போயிருக்கிறேன்.

"யார் யார் குடுத்தாங்க?"

"அதைக் கேக்கக் கூடாது ரெமி."

"கேட்டே ஆகணும்."

"நீ கேட்டுட்டே. நான் சொல்லலை. முடிஞ்சுது."


மார்ச் 13

கட்டு கட்டாகத் துளைத்து மாதிரி எடுத்தேன். கொடுத்த புல் ஒரு இழைகூட இனி மாட்டுக்குப் போகக் கூடாது. வடக்கிலிருந்து, ஏற்கெனவே சோதித்த புல் வருகிறது. அதை நடீன் ஏற்பாடு செய்தாள். கத்தினாலும் வேலை செய்பவள்.

தொட்டியில் பால் விழும் சத்தம் தொழுவம் முழுக்கக் கேட்கிறது. வெர்ன் அந்த நேரம் வெளியே போய்விடுகிறார்.


மார்ச் 28, வெள்ளி

புல் முடிவு. மற்றதெல்லாம் சுத்தம். ஒரு அடுக்கு மட்டும் பயங்கரம்: ஆரஞ்சுக் கயிறு, சின்னச் சதுரக் கட்டு, சிவப்புக் குளோவர்ச் செடி கலந்த புல். ஆரஞ்சுக் கயிறு இங்கே ஒரே கடையில் விற்கிறது, பாதி ஊர் அதைத்தான் கட்டுகிறது. குளோவரும் அப்படித்தான்.

ஆர்டிஸிடம் அடையாளம் சொன்னேன். அவர் முகம் ஏதோ மாதிரி ஆனது. தெரிந்திருக்கிறது. நிச்சயம் தெரிந்திருக்கிறது.

"பேரைச் சொல்லுங்க. மூலம் தெரியாம சங்கம் பாலை எடுக்காது. உங்க மாடு பெருசா, அவன் பேர் பெருசா?"

"ரெண்டும்."

"ரெண்டும்னு ஒண்ணு கிடையாது!"

"உனக்குக் கிடையாது."

அப்போதுதான் அதைச் சொன்னேன். "அந்த வயல்ல இருந்தா அவன் கிணத்துலயும் இருக்கும். இன்னைக்குக் காலைல அதுலதான் அவன் காபி போட்டிருப்பான். நீங்க அவனைக் காப்பாத்தலை, கொல்றீங்க."

ஆர்டிஸ் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை, அது வேறு ஏதோ பார்வை. பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு, வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். தன் வீட்டில் என்னை நிற்கவைத்துவிட்டு.

"வீட்டுக்குப் போடா," என்றார் வெர்ன். வேடிக்கை எதுவும் வரவில்லை.

கொலை என்று சொல்லியிருக்க வேண்டாமோ? ஆனால் பொய் ஒன்றும் சொல்லவில்லையே.


மார்ச் 30

அப்பா கடையிலிருந்து பெரிய குடிநீர்க் கேன்களாக வாங்கி வந்து அடுக்குகிறார். என்ன இது என்றேன். "கிணத்துத் தண்ணில காபி கசக்குது." அறுபது வருஷமாகக் கசக்காத காபி. சோதித்துப் பார்க்கிறேன் என்றேன். "ஊரைப் பாரு முதல்ல," என்றார். நியாயம்தான். நம் நிலத்தில் உரமென்று ஆலைக் கழிவுச் சேறு போட்டீர்களா, இந்தச் சனியன் அதில்தான் வரும் என்று போன வருஷமே அவரைக் கேட்டாயிற்று. இல்லை என்றார். அப்பா பொய் சொல்லி நான் பார்த்ததில்லை.


ஏப்ரல் 5, சனி

தேவாலயக் கூடத்தில் பீன்ஸ் விருந்து. ஊரே இருந்தது. நல்ல சந்தர்ப்பம் என்று நினைத்தேன். என் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும்.

எழுந்து நின்று, எல்லோருக்கும் புரிகிற மாதிரிதான் சொன்னேன். முன்னே ஆலைக் கழிவுச் சேற்றை உரமென்று வயலில் கொட்டினார்கள், அதில் இருந்தது மண்ணைவிட்டுப் போகாது, வெயில் தின்னாது, புழு தின்னாது, புல் உறிஞ்சும், மாடு தின்னும், பாலில் வரும், கீழே இறங்கிக் கிணற்றிலும் வரும். இதுவரை சரி. அதற்குப் பிறகு, "ஆர்டிஸுக்கு ஆரஞ்சுக் கயிறு கட்டின புல் குடுத்தது யாரு? கையைத் தூக்குங்க," என்றேன்.

ஒரு கைகூட எழவில்லை.

தீயணைப்புத் தலைவர் டெல்மான்ட் குரல் மட்டும் வந்தது. "பள்ளிக்கூடத்துல மூத்திரம் போனது யாருன்னு கேக்கற மாதிரியே கேக்கறான் பாரு." சிரிப்பு. அவரே மறுபடி, இம்முறை சிரிக்காமல், "உக்காருடா ரெமி. சாப்பிட வந்த இடம்."

ஆர்டிஸ் தட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா என் பக்கத்தில்தான் இருந்தார். ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து வைத்தார், ஒன்றும் வாயில் போடவில்லை. என்னால் அவருக்கும் தலைகுனிவு.

வண்டியில் வரும்போது, "நான் கேட்டது தப்பா?" என்றேன்.

"கேட்டது தப்பில்லை."

"பின்ன?"

ஜன்னல் கண்ணாடியைத் துடைத்தார். அப்பாவிடம் பேசுவதும் உறைந்த மண்ணில் துளை போடுவதும் ஒன்று.


ஏப்ரல் 7

யோசனை. யாரையும் கேட்கப் போவதில்லை. ஊரில் புல் வெட்டுகிற வயல் அத்தனையிலும் மண் எடுக்கிறேன். யார் கொடுத்தார்கள், யார் கொடுக்கவில்லை என்பதே வேண்டாம். வயலிடம் கேட்கிறேன். வயலுக்கு வெட்கம் கிடையாது.

நடீன்: "உனக்குப் பைத்தியமா? ஆய்வகத்துல எத்தனை பாட்டில் தாங்கும்?" ஐந்து நிமிஷம் திட்டினாள். பிறகு, "மண்ணு இளகினதும் ஆரம்பி."


ஏப்ரல் 22

இரண்டு நாளாக மழையில் வயல் வயலாகப் போகிறேன். மழைக்கோட்டு போடக் கூடாது, தண்ணீர் ஒட்டாத எதுவும் கூடாது, புதுத் துணி கூடாது, களிம்பு கூடாது. எல்லாவற்றிலும் அது இருக்கிறது, மாதிரியைக் கெடுத்துவிடும். பழைய பருத்திச் சட்டையில் நனைந்த கோழி மாதிரி நிற்கிறேன்.

டெல்மான்ட் தன் வயல் ஓரத்தில் குடை பிடித்து வேடிக்கை பார்த்தார். "ஏண்டா, உனக்கு ஒரு கோட்டு வாங்கிக் குடுக்கக்கூட உங்க ஆபீசுக்கு வக்கில்லையா?"

"குடையைத் தள்ளிப் பிடிங்க. அந்தத் தண்ணி குழில விழுது."

"குடையிலயுமா?"

"குடையிலயும்."

குடையை மடக்கிவிட்டு அவரும் நனைந்துகொண்டு நின்றார். யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை. ஒரு கதவுகூட மூடவில்லை. விருந்தில் கை தூக்காத அதே ஆட்கள்தான். ஒரு வீட்டில் தாங்களே மண்ணை அள்ளித் தயாராக வைத்திருந்தார்கள் — மைக்ரோவேவ் பாப்கார்ன் பையில்! உலகத்திலேயே அதைவிடக் கெட்ட பை கிடையாது. கத்தப்போனேன். அந்த அம்மாள், "புதுப் பைதான் கண்ணு, சுத்தமா இருக்கட்டும்னுதான்," என்றார். கத்தவில்லை.


ஏப்ரல் 27, ஞாயிறு

எழுதவே கை வரவில்லை. எழுதுகிறேன்.

கடைசியாக எங்கள் வயல்களை விட்டுவைத்திருந்தேன். கணக்குக்கு ஒன்று, அவ்வளவுதான். அப்பா பள்ளிப் பேருந்து ஓட்டுபவர். கோடையில் புல் வெட்டிக் குதிரை வைத்திருப்பவர்களுக்கு விற்பார். துளைக்கருவியை எடுத்துக்கொண்டு மேல் வயலுக்குக் கிளம்பினேன். பின்னாலேயே வந்தார்.

"ஆரம்பிக்கிறதுன்னா கீழ் வயல்லேர்ந்து ஆரம்பி."

"ஏன், எங்கேர்ந்து ஆரம்பிச்சா என்ன?"

"அங்கதான் இருக்கு."

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"ஆர்டிஸுக்கு ஆரஞ்சுக் கயிறு கட்டிப் போட்டது நான்தான். கீழ் வயல் புல்லு. நீ அவகிட்ட கத்தின அன்னைக்கே வந்து சொல்லிட்டா. லயனல், முதல்ல தண்ணி குடிக்கறதை நிறுத்துன்னா. உன் பையன்கிட்ட நான் சொல்லமாட்டேன், நீ சொல்லுன்னா."

தண்ணீர்க் கேன். கசந்த காபி. நான் விஞ்ஞானியாம்.

"போன வருஷம் கேட்டேனே! சேறு போட்டீங்களான்னு கேட்டேனே! இல்லைன்னீங்க!"

"நான் போடலை. ஹாஸ்கெல் போட்டான். அப்போ அது அவன் வயல். பெறகுதான் நான் வாங்கினேன். நீ, நான் போட்டேனான்னு கேட்டே."

மறுபடியும். மண்ணைக் கேட்க வேண்டிய இடத்தில் மனுஷனைக் கேட்டிருக்கிறேன். சேறு கொட்டத் துறை கொடுத்த பழைய அனுமதிகளில் அப்பா பெயரைத் தேடினேன், ஹாஸ்கெல் பெயரைத் தேடத் தோன்றவில்லை.

அப்பா அந்த லாரிகளைப் பார்த்திருக்கிறார். கறுப்பாக, ஆவி பறக்க இறக்கினார்களாம். "காகிதம் குடுத்தாங்க. ஈயம் சோதிச்சது, காட்மியம் சோதிச்சது, எல்லாம் பாஸ்னு. அடுத்த வருஷம் ஹாஸ்கெல் புல்லு இடுப்பளவு. எனக்குப் பொறாமையா இருந்துச்சு. அதனாலதான் அவன் விக்கறான்னதும் ஓடிப் போய் வாங்கினேன்."

காகிதம் பொய்யில்லை. உலோகங்களைத் தேடினார்கள், அவை வரம்புக்குள் இருந்தன. தேடாததை எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

ஆனால் ஒரு மாதம்! ஒரு மாசம்ப்பா! அவங்க பாலைத் தொட்டில கொட்டிட்டு இருந்தாங்க, நீங்க பக்கத்துல உக்காந்து ரொட்டி பிச்சுட்டு இருந்தீங்க! நான் எழுந்து நின்னு ஊர் முன்னாடி கோமாளி ஆனேன், நீங்க — இதை அத்தனையும் அவரிடமே கத்தினேன். வயல் நடுவில்.

கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார். "தெனம் இந்த ஊர்ப் பிள்ளைங்க என் வண்டில ஏறுது. அந்த ஊருக்கு முன்னாடி, ஆர்டிஸ் மாட்டுக்கு வெஷம் போட்டது நான்னு எப்படிடா சொல்றது?"

"நீங்க வெஷம் போடலை."

"புல்லு யாருது?"

"உங்களுது."

"அப்புறம் என்ன."

துளைக்கருவியைக் கீழே வைத்துவிட்டேன். மூலம் இதுதான் என்றான பிறகு, சொந்த வீட்டு வயலில் நானே மண் எடுக்கக் கூடாது. விதி அப்படி. எடுக்கவும் முடிந்திருக்காது.


ஏப்ரல் 28

நடீனிடம் சொன்னேன். வழக்கம்போலத் திட்டுவாள் என்று நின்றேன். கதவைச் சாத்தினாள். "சோதனைக்கு உன் ரத்தத்தையும் குடு. உங்கப்பாவோடதையும். அந்த வயலுக்கு வேற ஆள் அனுப்பறேன், நீ அந்தப் பக்கமே போகாதே." கொஞ்சம் கழித்து, "சாப்பிட்டியா?" என்றாள். இவள் இப்படிக் கேட்டால் எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை.


மே 1

ஆர்டிஸ் வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன்.

"கொல்றீங்கன்னு சொன்னேன்," என்றேன். மன்னிப்புக் கேட்க எனக்குத் தெரிந்த முறை அவ்வளவுதான்.

"சொன்னே."

"அப்பவே என்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"உங்கப்பனைப் பத்தி உன்கிட்ட நான் சொல்றதா? நீ உடனே எழுதிட்டு ஓடியிருப்பே. அவர் வாயால வரணும். அவருக்கு அதாவது மிச்சம் இருக்கட்டும்னு பாத்தேன்."

"அப்பா மேல கோவம் இல்லையா?"

"ஏன் இல்லாம? நெறைய இருக்கு. புல்லுக்கு இல்லை. ஒரு மாசம் வாயை மூடிட்டு இருந்ததுக்கு. அதை நான் அவர்கிட்ட நேராச் சொல்லுவேன், நீ நடுவுல தூது போகாதே."

வெர்ன் காபி ஊற்றினார். "ஆர்செனிக் எடுத்த காபி. பயப்படாமக் குடி."

குடித்தேன். ருசியாக இல்லை. வெர்ன் போட்ட காபி எப்போதுமே ருசியாக இருந்ததில்லை.


மே 16, வெள்ளி

கீழ் வயல் முடிவு வந்தது. கிணறும்.

அவ்வளவுதான் இன்று.


மே 18

அப்பாவுக்கு எண்களை விளக்கினேன். பாதியிலேயே, "எவ்வளவு நாளைக்கு?" என்றார்.

"அந்த வயல்லயா? நாள் கணக்கே இல்லைப்பா. நீங்க, நான், எனக்கப்புறம் வர்றவங்க. யாரும் அதுல புல்லு வெட்டக் கூடாது."

தலையாட்டினார். பிறகு உறைபெட்டியைத் திறந்து, போன நவம்பரில் சுட்ட மானின் கறியை எல்லாம் எடுத்து மேசையில் வைத்தார். "இது கீழ் வயல்ல மேஞ்சது." நான் கேட்கவே இல்லை.

கிணற்றுக்குக் கரி வடிகட்டி அடுத்த வாரம் வருகிறது. பாத்திரம் கழுவும் தொட்டியில் தண்ணீர் ஓடுவதைப் பார்த்தபடி நிற்கிறார். நிறம் இல்லை, வாடை இல்லை. இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.


மே 24

காலையில் கடைக்கு காபி குடிக்கப் போவதை அப்பா விட்டுவிட்டார். பேருந்தை எடுக்கிறார், விடுகிறார், வீட்டுக்கு வருகிறார். அவர் வயல்தான் என்று ஊருக்குத் தெரியும். நான் சொல்லவில்லை, அவரே டெல்மான்டிடம் சொல்லியிருக்கிறார். அதற்குமேல் யார் முகத்தையும் பார்க்கத் தெம்பில்லை போலிருக்கிறது. டெல்மான்ட் என்னை வழியில் நிறுத்தி, "உங்கப்பன் நாற்காலில வேற யாரையும் உக்காரவிடலைன்னு சொல்லு," என்றார். சொன்னேன். அப்பா கேட்டுக்கொண்டு விறகு பிளக்கப் போய்விட்டார்.


ஜூன் 3

ஆர்டிஸ் பால்: வரம்புக்குக் கீழே! முதல் தடவை. நல்ல புல் தின்று தின்று மாடுகள் கொஞ்சம் கொஞ்சமாக அதை வெளியே தள்ளியிருக்கின்றன. பாலில்தான் அதிகம் தள்ளும். கொட்டின பால் வீணில்லை என்று ஆர்டிஸிடம் சொன்னேன். "இதை மார்ச்சுல சொல்லியிருந்தா உனக்கு ஒரு கேக் குடுத்திருப்பேன்," என்றார்.

மாட்டுக்கு ஒன்றரை மாதத்தில் பாதியாகிறது. மனிதனுக்கு வருஷக்கணக்கு. என் ரத்த முடிவும் அப்பாவுடையதும் மேசையில் இருக்கின்றன. இரண்டும் ஏறக்குறைய ஒன்று. ஒரே கிணறு.


ஜூன் 12, வியாழன்

இரண்டாவது சோதனையும் கீழே. மூலம் தெரியும், அடைத்தாயிற்று. சங்கம் ஒப்புக்கொண்டது. பால் லாரி நாளை வருகிறது.

சுடவேண்டியதில்லை. ஒரு மாட்டைக்கூட.

நடீன் என் முதுகில் ஓங்கி அறைந்தாள். வலிக்கிறது.


ஜூன் 15

சாயங்காலம் ஆர்டிஸ் எங்கள் வாசலில் வண்டியை நிறுத்தினார். இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கினார். அப்பா உள்ளே போகப் பார்த்தார்.

"லயனல், நில்லு."

நின்றார்.

"நீ ஒரு மாசம் பேசாம இருந்தே. அந்த ஒரு மாசமும் நான் ராத்திரி தூங்கலை. இதைச் சொல்லணும்னு இருந்தேன், சொல்லிட்டேன்."

"சரி," என்றார் அப்பா.

"அடுத்தது. எங்க புல்லு முழங்காலுக்கு மேல வந்துடுச்சு. வெட்டற மெஷின், கட்டற மெஷின் ரெண்டும் கொட்டகையோட எரிஞ்சுபோச்சு. வெர்ன் கடன் வாங்கப் போறேங்கறான், வேண்டாம்னுட்டேன். உன்னோடது சும்மாதானே நிக்குது?"

அப்பா களத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "அது அந்த வயல்ல ஓடினது, ஆர்டிஸ். சக்கரத்துல அந்த மண்ணு இருக்கும்."

ஆர்டிஸ் என்னைப் பார்த்தார். சக்கரத்தில் ஒட்டின மண்ணால் ஒன்றும் ஆகாது. ஒரு கைப்பிடி மண் அத்தனை ஏக்கரில் எங்கே தெரியப் போகிறது? அந்தக் கணக்கை வாய்வரை கொண்டுவந்துவிட்டேன். அப்பா முகத்தைப் பார்த்ததும் விழுங்கினேன்.

"கழுவிடலாம்," என்றேன்.

"அப்போ கழுவுங்க," என்று வண்டியைப் பின்னால் எடுத்தார் ஆர்டிஸ். "செவ்வாக்கிழமை வெயிலாம்."


ஜூன் 16

இருவரும் சேர்ந்து கழுவினோம். வடிகட்டின தண்ணீரில். ஓடின நீரைத் தொட்டியில் பிடித்தோம். அப்பா வெட்டும் மெஷினைப் பல் பல்லாகத் தேய்த்தார். நான் போதும் என்ற பிறகும் தேய்த்தார். நானும் தேய்த்தேன்.


ஜூன் 17, செவ்வாய்

வெயில்தான். விடுப்பு போட்டேன்.

வெர்ன் வேலியைத் திறந்துவிட்டு, "பஸ் டிரைவர் வந்தாச்சு, எல்லாரும் சீட்டுல உக்காருங்க!" என்று மாடுகளைப் பார்த்துக் கத்தினார். அப்பா சிரிக்கவில்லை. ஆனால் அவர் காது சிவந்தது.

டிராக்டரை வயல் ஓரத்தில் நிறுத்தினார். முன்சக்கரம் புல்லைத் தொடவில்லை, ஒரு முழம் முன்னால். அங்கேயே நின்றது. ஆர்டிஸ் தூரத்தில் இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா அவரைப் பார்க்கவில்லை, வெர்னைப் பார்க்கவில்லை. இருக்கையிலிருந்தே திரும்பி என்னைப் பார்த்தார்.

"போகட்டுமா?"

என் வாழ்க்கையில் அவர் என்னிடம் அனுமதி கேட்டு நான் பார்த்ததில்லை.

"போங்கப்பா," என்றேன்.